பூசணிப் பூவின் மஞ்சள் தெரியும் தூரம்

லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் வடிவமைப்பு படித்த கிறிஸ் வோப்கன், கெனிச்சி ஒகாடா என்ற இருவர், 2008ஆம் ஆண்டு வாக்கில் குழந்தைகளுக்காகச் சில விநோதமான தலைக்கவசங்களைச் செய்தார்கள். அவற்றில் ஒன்று எறும்புக் கவசம். உள்ளங்கையில் பிடித்துக்கொள்ள நுண்ணோக்கிக் கேமராக்கள்; கவசத்துக்குள், கண்ணுக்கு நேரே, அவை காண்பதைக் காட்டும் திரை. அணிந்துகொண்ட குழந்தைக்கு எதிரே நிற்கும் அம்மா தெரியமாட்டார். கை எதைத் தொடுகிறதோ அது மட்டும் 50 மடங்கு பெருத்துத் தெரியும். மரப்பட்டையின் வெடிப்பு, புல்லின் ரோமம், சட்டைத் துணியின் இழை என்று, எறும்பு தன் உணர்கொம்பால் தடவித் தடவி உலகை அறிவதைப் போல, குழந்தை கையால் பார்த்துக்கொண்டே நகரும்.

இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அந்த 50 மடங்கைத்தான் வியந்தார்கள். எனக்கு வியப்பாக இருப்பது வேறு. அந்தக் கவசம் முதலில் குழந்தையின் சொந்தப் பார்வையைப் பிடுங்கிக்கொள்கிறது. அந்தப் பறிப்பு இல்லையென்றால் நுண்ணோக்கி வெறும் நுண்ணோக்கிதான். பூச்சியின் உலகத்தை நாம் அணுக வேண்டுமானால் நமக்குப் புதிதாக எதைச் சேர்ப்பது என்று யோசிப்பதற்கு முன், எதை இழக்கத் தயார் என்று யோசிக்க வேண்டும்.

சென்னையின் மேனாம்பேட்டில், பூச்சியின் உலகை உணர்ந்து பார்க்க இப்படி ஒரு பட்டறை நடத்துவது கடினமே இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பக்கத்தில் இருக்கும் ஊருக்குக் கம்பியும் பிளாஸ்டிக் தகடும் சின்ன மோட்டாரும் அரிய பொருளா? பூச்சிக்கும் பஞ்சமில்லை. சாயங்காலம் கொசு, மழை விட்டால் ஈசல், சமையலறைச் சுவரில் எறும்பு, தொட்டியில் வைத்த கறிவேப்பிலையில் வண்ணத்துப்பூச்சி. மொட்டைமாடி ஒன்று போதும்.

கண்ணிலிருந்து தொடங்கலாம். பூச்சியின் கண் என்றதும் சினிமா நமக்குப் பழக்கிவைத்த காட்சி ஒன்று உண்டு: திரை முழுக்க அறுகோணக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் அதே முகம். அது தவறு. 1891இல் வியன்னாவைச் சேர்ந்த சிக்மண்ட் எக்ஸ்னர் ஒரு மின்மினியின் கூட்டுக்கண்ணைப் பிரித்தெடுத்து, அதையே லென்ஸாக வைத்துப் புகைப்படம் எடுத்தார். படத்தில் ஒரே ஒரு ஜன்னல், அதன் கண்ணாடியில் ஒட்டிய ஓர் எழுத்து, அப்பால் ஒரு தேவாலயம். மங்கலாக, ஆனால் ஒற்றைப் படமாக, நேராக விழுந்திருந்தது. தேனீ போன்ற பகல் பூச்சிகளின் கண் அமைப்பு மின்மினியுடையதிலிருந்து மாறுபட்டது. அங்கே ஒவ்வொரு சிறுகண்ணும் காட்சியின் ஒரு புள்ளியை மட்டும் தருகிறது. எல்லாப் புள்ளிகளும் சேர்ந்துதான் ஒரு படம். வேலைக்காரத் தேனீக்கு ஒரு பக்கக் கண்ணில் இத்தகைய சிறுகண்கள் ஏறத்தாழ 5,000.

ஐயாயிரம் புள்ளி என்பது மிகக் குறைவு. ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கத்தைக்கூட மனிதக் கண் பிரித்தறியும். தேனீக்குத் தோராயமாக ஒரு டிகிரி வேண்டும். கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்துப் பாருங்கள். அந்த விரலின் அகலம்தான் ஒரு டிகிரி. அதற்குள் அடங்குவதெல்லாம் தேனீக்கு ஒரே புள்ளி. மூக்குக்கண்ணாடியில் பட்டர் பேப்பர் ஒட்டிக்கொண்டு மாடியில் நடந்தால் இந்த மங்கலை ஓரளவு உணரலாம்.

அந்த மங்கலுக்குள்ளும் ஒரு நேர்த்தி இருக்கிறது. மார்ட்டின் ஜியுர்ஃபா குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு இது: ஒரு பூ தேனீயின் பார்வையில் ஏறத்தாழ 5 டிகிரி அகலத்துக்கு வளர்ந்ததும் அங்கே ஏதோ இருக்கிறது என்று தேனீ கண்டுகொள்கிறது, ஆனால் பச்சை ஒளியை உணரும் செல்களை மட்டும் கொண்டு, நிறமில்லாமல். நிறம் தெரிய 15 டிகிரி ஆக வேண்டும். இதை வீட்டுப் பூசணிக் கொடிக்குப் பொருத்திக் கணக்குப் போடலாம். 10 சென்டிமீட்டர் அகலமுள்ள பூசணிப் பூ, 115 சென்டிமீட்டர் தூரத்தில் நிறமற்ற திட்டாகத் தேனீக்குத் தட்டுப்படும். அதன் மஞ்சள் அதற்குத் தெரிவது, நெருங்கி வந்து 38 சென்டிமீட்டர் இருக்கும்போதுதான். விடியற்காலையில் அந்தப் பூவின் முன் ஸ்கேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், எந்த இடத்தில் தேனீயின் உலகில் நிறம் பிறக்கிறது என்று விரலால் சுட்டிக்காட்டிவிடலாம். நம் கண் தெருமுனையிலிருந்தே கண்டுவிடும் மஞ்சள், அதற்கு ஒரு முழத்துக்கும் உள்ளே வந்தபிறகு கிடைக்கும் மஞ்சள்.

இவ்வளவு மங்கலான கண்ணை வைத்துக்கொண்டு அது எப்படி முட்டாமல் மோதாமல் பறக்கிறது? தேனீயின் இரு கண்களும் மிக நெருக்கமாக இருப்பதால், நம்மைப் போல இரண்டு கண்ணின் வேறுபாட்டை வைத்துத் தூரத்தை அளக்க முடியாது. பெங்களூரில் மின்பொறியியல் படித்து, பிறகு ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் தேனீக்களோடு பல ஆண்டுகளைச் செலவிட்ட மாண்டியம் சீனிவாசன் இந்தக் கேள்வியைத் தன் ஆய்வாக எடுத்துக்கொண்டார். வோல்ஃப்காங் கிர்ஷ்னருடன் சேர்ந்து 1989இல் வெளியிட்ட சோதனையில், இரண்டு சுவர்களிலும் கோடுகள் வரைந்த ஒரு சுரங்கப்பாதை வழியாகத் தேனீக்களைப் பறக்கவிட்டார்கள். அவை சரியாக நடுவில் பறந்தன. பிறகு ஒரு பக்கச் சுவரை மட்டும் தேனீ பறக்கும் திசையிலேயே நகர்த்தினார்கள். அந்தப் பக்கக் கோடுகள் கண்ணைக் கடக்கும் வேகம் குறைந்தது. தேனீ அந்தச் சுவரை ஒட்டிப் போக ஆரம்பித்தது. இரு பக்கமும் காட்சி ஓடும் வேகம் சமமாக இருக்கும்படி பறப்பதுதான் அதன் விதி. வேகமாக ஓடுவது அருகில், மெதுவாக ஓடுவது தொலைவில்.

அம்பத்தூரிலிருந்து ஆவடிப் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு இந்த அறிவு ஏற்கெனவே உண்டு. தண்டவாளத்தை ஒட்டிய கம்பம் கண்ணில் படுவதற்குள் ஓடிவிடும். அதற்கப்பால் உள்ள வீடு நிதானமாகப் போகும். தூரத்து மேகம் கூடவே வரும். நமக்கு இது பயணத்தின் ஒரு வேடிக்கை. தேனீக்கு இதுவே அளவுகோல். பூ எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கூட்டில் ஆடிச் சொல்லும் நடனத்தில்கூட, பறந்த வழியில் எவ்வளவு காட்சி கண்ணைக் கடந்தது என்ற கணக்குத்தான் இருக்கிறது. நெருக்கமான கோலங்கள் வரைந்த, ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள குறுகிய குழாய் வழியாகப் போய்வந்த தேனீக்கள், 200 மீட்டருக்குச் சற்றே குறைவான தூரம் போய்வந்ததைப் போல ஆடின. சுவர் அவ்வளவு அருகில் இருந்ததால் காட்சி அவ்வளவு விரைந்து ஓடியிருந்தது. தேனீ தன் அளவில் சரியாகத்தான் அளந்தது.

பட்டறைக்கு வருகிறவர்களைப் பட்டர் பேப்பர் கண்ணாடியோடு மேனாம்பேட்டின் குறுகலான சந்து ஒன்றில் நடக்கவைத்தால், நின்ற இடத்தில் எதுவும் புரியாமல் தவிப்பார்கள். நடக்கத் தொடங்கினால் இரு பக்கமும் நிழல்கள் ஓடும், வழி திறக்கும். அசைவுதான் பார்வை. இது பூச்சிக்கு மட்டுமல்ல என்பதையும் ஒரு சோதனை காட்டியிருக்கிறது. 1969இல் அமெரிக்காவில் பால் பாக்-இ-ரீட்டா, பார்வையற்றவர்களுக்காக ஒரு நாற்காலி செய்தார். கேமரா காண்பதை 400 சிறு அதிர்வான்கள் முதுகில் குத்திக் காட்டும். கேமராவை வேறு யாரோ பிடித்திருந்தால் முதுகில் ஏதோ குறுகுறுப்பு என்றார்கள். தாங்களே அதைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கியதும், பொருள் முதுகில் இல்லை, எதிரே இருக்கிறது என்று உணர்ந்தார்கள்.

காலத்தையும் மாற்றிப் பார்க்கலாம். பழைய சோக் வைத்த டியூப்லைட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. நமக்கு அது நிலையான வெளிச்சம். தேனீயும் வீட்டு ஈயும் வினாடிக்கு 200 முறைக்கு மேலும் துடிப்பைப் பிரித்தறியும். அவற்றுக்கு அந்த அறை ஓயாமல் படபடக்கும் அறை. போனில் ஸ்லோ மோஷன் வைத்து அந்த விளக்கைப் படம் எடுங்கள். ஈயின் இரவு எப்படி இருக்கிறது என்று தெரியும். கையை ஓங்குவதற்குள் ஈ பறந்துவிடுவதற்கும் ஒரு காரணம் இதில் இருக்கிறது. நம் கை அதற்கு மெதுவாக வருகிறது.

இனி கொசு. சென்னைக்காரர்கள் இதை வெறுப்பதற்கு எல்லா நியாயமும் உண்டு; ஏடிஸ் கொசு டெங்கு கொண்டுவருகிறது. ஆனால் அதன் காதைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அதை முன்போல் அலட்சியமாக நினைக்க முடியவில்லை. ஆண் கொசுவின் உணர்கொம்பு ஒவ்வொன்றின் அடியிலும் ஜான்ஸ்டன் உறுப்பு என்ற ஒரு குமிழ் இருக்கிறது. அதில் சுமார் 15,000 உணர்செல்கள். அவ்வளவும் பெண்ணின் சிறகோசைக்காகத் தவமிருப்பவை. ஏடிஸ் பெண் வினாடிக்கு ஏறத்தாழ 400 முறை சிறகடிக்கிறது; ஆண் 600. இரண்டும் அருகருகே பறக்கும்போது தங்கள் சுருதியைச் சற்றே மாற்றிக்கொள்கின்றன. பெண்ணின் மூன்றாம் சீரிசையும் ஆணின் இரண்டாம் சீரிசையும் 1,200 ஹெர்ட்ஸில் வந்து ஒன்றுசேரும்வரை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் லாரன் கேட்டர், ரொனால்ட் ஹாய் குழு இதை 2009இல் கண்டறிந்தது. 400க்கும் 600க்கும் உள்ள விகிதம் இரண்டுக்கு மூன்று. தம்புராவில் நாம் சேர்க்கும் சட்ஜமும் பஞ்சமமும் அதே விகிதம்தான். மார்கழிக் கச்சேரியில் சுருதி சேரக் காத்திருக்கிற ஊரில், தேங்கிய நீரோரத்தில் கொசுக்களும் ச-ப சேர்த்துக்கொண்டுதான் காதலிக்கின்றன.

கொசு கேட்பது நம்மைப் போலக் காற்றின் அழுத்தத்தை அல்ல. காற்றுத்துகள் முன்னும் பின்னும் ஆடுவதை, உணர்கொம்பின் மெல்லிய மயிர்களால். நமக்கு இதற்கு ஈடான காது இல்லை. ஊதிய பலூன் ஒன்றை விரல் நுனிகளால் மெல்லப் பிடித்துக்கொண்டு, ஒலிபெருக்கி முன் நின்று, காதை அடைத்துக்கொண்டால், பாட்டு தோலுக்கு வரும். தவிலும் மிருதங்கமும் தெளிவாக வரும், வயலின் கரைந்துவிடும்.

மூக்கைப் பற்றி நாம் நம்மையே குறைத்து மதிப்பிடுகிறோம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நோம் சோபெல் குழு, புல்வெளியில் 10 மீட்டர் நீளத்துக்குச் சாக்லேட் வாசனை ஏற்றிய கயிற்றைப் போட்டு, 32 பேரைக் கண்ணையும் காதையும் மூடி, தடித்த கையுறை மாட்டி, மண்டியிட்டு மூக்கால் மட்டும் தேடச் சொன்னது. 21 பேர் கயிற்றைக் கடைசிவரை பின்தொடர்ந்தார்கள். பயிற்சி கொடுத்தபோது வேகம் கூடியது. ஒரு நாசியை அடைத்தபோது திறமை குறைந்தது. இடது வலது நாசிகள் பெறும் மணத்தை ஒப்பிட்டுத்தான் வழி கண்டிருக்கிறார்கள். எறும்பு இரண்டு உணர்கொம்பை வைத்துச் செய்வதும் இதுவே. முடிவுகள் 2006 இறுதியில் வெளியாயின.

சமையலறைச் சுவரில் எறும்பு வரிசை ஒன்று போகும்போது ஈரவிரலால் ஓரிடத்தில் குறுக்கே துடைத்துவிட்டுக் கவனியுங்கள். முதலில் வரும் எறும்பு, கோடு அறுந்த இடத்தில் சட்டென நிற்கும். உணர்கொம்புகள் இரண்டும் வேகவேகமாகச் சுவரைத் தட்டும். திரும்பும், பக்கவாட்டில் போகும், பின்னால் வந்தவற்றோடு முட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு ஏதோ ஒன்று அந்த வெறுமையைத் தாண்டி அப்புறம் இருக்கும் வாசனையைப் பிடித்துவிடும். பிறகு வரிசை கூடிவிடும். பெர்க்லியில் மண்டியிட்டவர்களும் வழியை விட்டபோது இப்படித்தான் வளைந்து வளைந்து தேடினார்கள்.

பூச்சிக்கு இருக்கும் சில புலன்கள் நம் உடலுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றன. தேனீ புற ஊதாக் கதிரை நிறமாகவே காண்கிறது. நமக்கு முழுமஞ்சளாகத் தெரியும் சூரியகாந்தி, அதற்கு வெளிவட்டம் ஒரு நிறம், உள்வட்டம் வேறு நிறம். நம் விழித்திரையாலும் புற ஊதாவை ஓரளவு உணர முடியும். கண்ணிலுள்ள லென்ஸ்தான் வடிகட்டி நிறுத்திவிடுகிறது. கண்புரை அறுவைச் சிகிச்சையில் அந்த லென்ஸை எடுத்துவிட்டு, மாற்று லென்ஸ் வைக்காமல் விட்டவர்களுக்கு வடிகட்டி இல்லை. 1923இல் ஓவியர் கிளாட் மொனேவுக்கு நடந்தது அப்படிப்பட்ட சிகிச்சை. தமிழ்நாட்டில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய காலத்திலும் அதுவே பரவலான முறை. அரவிந்தின் ஆரோலேப் 1992இல் மலிவான உள்விழி லென்ஸ் செய்யத் தொடங்கியது. அதற்கு முன் நம் தாத்தா பாட்டிகள் கண் முகாமில் புரையை எடுத்துக்கொண்டு, சோடாபுட்டிக் கண்ணாடியோடு ஊர் திரும்பினார்கள். அந்தக் கண்ணாடியைக் கழற்றினால் அவர்களுக்கு எல்லாமே மங்கல். ஆனால் அந்த மங்கலுக்குள் புற ஊதா, வெளிறிய நீலமாக இறங்கியிருக்கும். கலங்கிய உருவமும் கூடுதல் நிறமும்: தேனீயின் பார்வைக்கு இதைவிட அருகில் மனிதக் கண் வந்ததில்லை. அவர்களிடம் யாரும் கேட்டுவைக்கவில்லையே என்பது எனக்கு இன்றும் ஆற்றாமை. (இதைப் பட்டறையில் செய்து பார்க்கக் கூடாது. புற ஊதா விளக்கு கண்ணைக் கெடுக்கும்.)

அபாயம் இல்லாத இன்னொன்று உண்டு. சூரியஒளி வானில் சிதறும்போது அதன் அதிர்வுகள் ஒரே தளத்தில் ஒழுங்குபடுகின்றன. இயற்பியல் பாடத்தில் இதைத் தளவிளைவு என்று படித்திருப்போம். சூரியன் மேகத்தில் மறைந்திருந்தாலும் நீலவானம் கொஞ்சம் தெரிந்தால் போதும், அந்த ஒழுங்கை வைத்துத் தேனீ திசை அறியும் என்று கார்ல் ஃபோன் ஃபிரிஷ் 1940களின் இறுதியில் காட்டினார். மனிதக் கண்ணுக்கும் இதில் ஒரு துளி உண்டு. வில்ஹெல்ம் ஹைடிங்கர் 1844இல் பதிவுசெய்தது அது. கணினியின் எல்சிடி திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன் நடுவைப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். மிக மெலிதான மஞ்சள் கறை ஒன்று, நடுவில் குறுகி இரு முனையிலும் விரிந்து, சில நொடி தோன்றி மறையும். பழகிய பிறகு, சூரியன் சாயும் நேரத்தில் மொட்டைமாடியில் மல்லாந்து படுத்து உச்சிவானத்தைப் பார்த்தால் அங்கும் தெரியும்.

இதற்கெல்லாம் ஒரு நாள் பட்டறை போதாது. ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கோனிக் குழு, எப்போதும் வடக்குப் பக்கம் மட்டும் அதிரும் இடுப்புப் பட்டை ஒன்றைச் செய்து 2005இல் அறிவித்தது. அணிந்தவர்கள் ஆறு வாரம் அதைச் சுமந்தார்கள். நாளடைவில் சிலருக்கு இடுப்பின் அதிர்வு பின்வாங்கி, ஊரின் அமைப்பே மனத்தில் வேறுவிதமாக விரிந்தது. முதல் நாள் அது ஒரு கருவி. புலனாவதற்கு வாரங்கள் ஆயின.

சில கதவுகள் எத்தனை வாரமானாலும் திறக்காது. கறிவேப்பிலைச் செடியைச் சுற்றும் கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியைப் பாருங்கள். பெண் பூச்சி இலைமேல் முழுதாக உட்காராது. சிறகு துடித்தபடியே முன்னங்கால்களால் இலையைப் படபடவென்று தட்டும். அந்தக் கால் நுனியில் ருசி உணரும் மயிர்கள் இருக்கின்றன. இலையின் மேல்தோலைத் தட்டி அதன் வேதிப்பொருளைச் சுவைத்து, இது நம் பிள்ளை தின்னும் செடிதான் என்று உறுதியானால், வயிற்றை வளைத்து வெளிர்மஞ்சளாக ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். பக்கத்தில் இருக்கும் செம்பருத்தியைத் தட்டிவிட்டு விலகிவிடும். பாதத்தால் ருசிப்பது எப்படியிருக்கும் என்று காட்ட எந்தக் கவசத்தாலும் ஆகாது.

பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் ஷானன் ஓல்சனின் குழு இந்த வழியைத் தலைகீழாகத் திருப்பியது. மனிதருக்குப் பூச்சியின் உலகைக் காட்டுவதை விட்டு, ஆப்பிள் ஈ ஒன்றை ஒரே இடத்தில் பிணைத்து, அதைச் சுற்றிக் கணினித் திரைகளால் மரங்களும் வானமும் நிலமும் கொண்ட மெய்நிகர் உலகைக் கட்டி, காற்றும் வாசனையும் சேர்த்து, ஈயைப் பறக்கவிட்டார்கள். எதைச் சேர்த்தால் ஈ மரத்தை நோக்கித் திரும்புகிறது, எதை எடுத்தால் வழி தவறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 2020இல் இது வெளியானது. அதன் திரைகளும் ஈயின் வேகத்துக்குப் பொருந்தியவை; நம் வேகத்தில் இயங்கும் சாதாரணத் திரை ஈக்குப் படபடப்பாகத்தான் தெரிந்திருக்கும்.

மேனாம்பேட்டுப் பட்டறைக்கு நான் வைக்க விரும்பும் கடைசிப் பயிற்சிக்குத் தேவை ஒரு போலராய்டு கூலிங் கிளாஸ். மழைக்குப் பிந்தைய வெயிலில், நிறுத்திவைத்த கறுப்புக் காரின் பானட்டை அதன் வழியே பார்த்து, கண்ணாடியை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் பளபளப்பு அணையும். இன்னொரு கோணத்தில் எரியும். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் இப்படித்தான் கிடைமட்டமாக ஒழுங்குபட்டிருக்கும். தட்டான்களும் பல நீர்ப்பூச்சிகளும் தண்ணீரை அடையாளம் காண்பது இந்த ஒளியால். அதனால்தான் பெண் தட்டான் ஒன்று காரின் பானட்டில் வாலைத் தொட்டுத் தொட்டு எழுவதை நாம் பார்க்கிறோம். தண்ணீர் என்று நம்பி, சுடும் தகரத்தில் முட்டையிடுகிறது. புடாபெஸ்டின் காபோர் ஹோர்வாத் குழு, சோலார் பேனல்களும் இப்படியே பூச்சிகளை ஏமாற்றுவதை அளந்தது. பேனலை மெல்லிய வெள்ளைக் கோடுகளால் கட்டம் கட்டமாகப் பிரித்ததும் பூச்சி வரத்து வெகுவாகக் குறைந்தது என்று 2010இல் எழுதினார்கள். நமக்கு அது ஒரு சதுரக் கோலம். தட்டானுக்கு, இது குளமல்ல என்று சொல்லும் எழுத்து.

அம்பத்தூர் ஏரிக்கும் கொரட்டூர் ஏரிக்கும் அருகே தொழிற்கூரைகள் கண்ணுக்கெட்டியவரை கிடக்கின்றன. அவற்றின் மேல் பேனல்கள் ஏறிவருகின்றன. எவ்வளவு அகலக் கோடு, எவ்வளவு இடைவெளி வைத்தால் மின்சாரம் அதிகம் குறையாமல் நம் ஊர்த் தட்டான்கள் தப்பிக்கும் என்பது நம் ஊரில் கண்டுபிடிக்க வேண்டிய விடை. உடைந்த பேனல் இரண்டு, வெள்ளை டேப் ஒரு சுருள், ஒரு கூலிங் கிளாஸ், வடகிழக்குப் பருவமழையின் இடைவெளியில் வரும் வெயில் நாட்கள் சில. ஒன்றில் கோடு ஒட்டி, மற்றதை அப்படியே விட்டு, எதில் எத்தனை தட்டான் வால் தொடுகிறது என்று எண்ணினால் போதும். வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் நான்கு பேர் இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.